சாரதிப் பக்கத்துக் கதவு

அந்தக் கதவைத் தேடி ஜெஸீம் மூன்று மாதமாக அலைந்துகொண்டிருந்தான்.

மன்னார் ரவுணில் கல்யாணங்களுக்குக் கார் விடுகிற ஒருவர், 1953ஆம் ஆண்டு ஒஸ்டின் ஏ-40 ஒன்றைத் தாராபுரத்திலுள்ள அவனது கராஜில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். வாகன இறக்குமதி நின்றுபோன பிறகு பழைய கார்களுக்குத் திடீரென்று மவுசு கூடிவிட்டது. எஞ்சினை ஜெஸீம் ஓட வைத்துவிட்டான், பிரேக்கையும் சரிசெய்துவிட்டான். சாரதிப் பக்கத்துக் கதவுதான் பிரச்சினை. அடியிலிருந்து பாதிவரை துருவேறிப் பொரிந்து, விரலால் அழுத்தினாலே உதிர்ந்தது. வவுனியாவில் தேடினான். யாழ்ப்பாணத்தில் தேடினான். தான் வளர்ந்த புத்தளத்தில் தெரிந்த கராஜ்களுக்கெல்லாம் படம் அனுப்பிப் பார்த்தான். எங்கும் இல்லை.

கடைசியில் ஒரு மீன் லொறிச் சாரதிதான் சொன்னான், நறுவிலிக்குளத்தில் லெட்சுமணன் என்று ஒருவர் பழைய இரும்பு யார்ட் வைத்திருக்கிறார், அங்கே அந்தக் காலத்துக் கார்த் தகரங்களும் கிடக்கின்றன என்று. சனிக்கிழமை காலையிலேயே ஜெஸீம் தன் சின்ன லொறியை எடுத்துக்கொண்டு புறப்பட்டான்.

யார்ட் என்றால் மதிலும் கேற்றும் இருக்கவில்லை. நாலைந்து பனைகளுக்கு நடுவே முள்ளுக்கம்பி அடித்த ஒரு காணி. உள்ளே உழவு இயந்திரச் சில்லுகள், தண்ணீர்ப் பவுசரின் வயிறு, நசுங்கிய பஸ்ஸின் முகம், வள்ளத்து எஞ்சின்கள். வெயில் ஏற ஏற எல்லாம் சூடாகி, தொட்டால் கையைச் சுட்டது. லெட்சுமணனுக்கு அறுபது வயது இருக்கும். மலைநாட்டிலிருந்து சிறுவயதில் வந்து குடியேறியவர். காலில் செருப்பில்லாமல் அந்த இரும்புக்குள் சாதாரணமாக நடந்து திரிந்தார். பழைய கார்த் தகரமெல்லாம் பின்பக்க மூலையில் கிடக்கிறது, கிளறிப் பார்த்து வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் ஒரு ட்ராக்டர் அச்சைக் கேஸ் நெருப்பால் வெட்டத் தொடங்கினார்.

ஜெஸீம் ஒன்றரை மணிநேரம் கிளறினான். மொரிஸ் மைனரின் மட்கார்ட் ஒன்று வந்தது. ஒரு லொறியின் பொனற் வந்தது. அதற்கும் கீழே, மண்ணில் பாதி புதைந்து, தோள்போல் வளைந்த ஒரு விளிம்பு தெரிந்தது. அந்த வளைவை அவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். ஏ-40 கதவுதான். சாரதிப் பக்கத்துக் கதவேதான். மண்ணைத் தட்டி இழுத்து வெளியே எடுத்தபோது சந்தோசத்தில் அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அடிப்பக்கம் கொஞ்சம் அரித்திருந்தது, அவ்வளவுதான். உட்பக்கத்தைப் பார்க்கலாம் என்று திருப்பினான்.

கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைபிடி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பித்தளைத் தண்ணீர்க் குழாயின் திருகு பொருத்தியிருந்தது. அதற்கு இரண்டு விரல் தள்ளி, தேவையில்லாமல் ஒரு துளை.

ஜெஸீம் கதவைப் பிடித்தபடியே நிலத்தில் குந்திவிட்டான்.

அந்தத் துளை அவன் போட்டது. எண்பத்தெட்டாம் ஆண்டு, அவனுக்குப் பதினொரு வயது. வாப்பா மஹ்றூப்பின் ஹயர் கார் அது. கைபிடி உடைந்துவிட, குழாய்த் திருகு ஒன்றை வைத்துச் சமாளிக்கலாம் என்று வாப்பா அளவு பார்த்துக் கீறிவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், அவன் ஆசைப்பட்டுத் துளைகருவியை எடுத்துப் பிழையான இடத்தில் துளைத்துவிட்டான். முதுகில் வாங்கிய அடி இரண்டு நாள் வலித்தது. பிறகு வாப்பாவே அவனைக் கூப்பிட்டு, சரியான துளையையும் அவன் கையாலேயே போடவைத்தார்.

அந்தக் கார் தொண்ணூறாம் ஆண்டு போனது. அந்த ஒக்டோபரில், மன்னார்த் தீவிலிருந்த முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேறவேண்டும் என்று ஆயுதம் தாங்கிய இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்தது. வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போகவேண்டியவர்கள் காரை எங்கே ஏற்றுவது. வாப்பா காரைத் தாழ்வுபாட்டுக்கு ஓட்டிப்போய், தன் கூட்டாளி அருட்பிரகாசத்தின் வளவில் விட்டார். அருட்பிரகாசம் வள்ளங்கள் வைத்திருந்த சம்மாட்டி. அவருடைய மனைவிக்கு வயிற்று நோவு கண்ட இரவில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அதே கார்தான். வாப்பா சாவியைக் கொடுத்துவிட்டு, ரயரில் காற்று இறங்காமல் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னார். ஜெஸீம் பக்கத்தில் நின்றான். இருவரும் நடந்தே திரும்பினார்கள்.

பன்னிரண்டு வருடம் கழித்து, சமாதான காலத்தில் பாதை திறந்தபோது, உம்மாவையும் அவனையும் கூட்டிக்கொண்டு, பழைய வீட்டைப் பார்த்த கையோடு வாப்பா நேரே போனது அருட்பிரகாசத்தின் வீட்டுக்குத்தான். மூன்றாம் நாளே இயக்கம் வந்து காரை எடுத்துக்கொண்டு போய்விட்டது, மறித்ததற்குத் துவக்குப் பிடியால் அடித்தார்கள் என்று அருட்பிரகாசம் சொன்னார். வாப்பா அவருடைய கைகளைப் பிடித்துக்கொண்டு, என்னால்தானே உனக்கு இந்தக் கரைச்சல், என்னை மன்னித்துக்கொள் என்று கேட்டார். ஜெஸீம் அதைத் தன் கண்ணால் பார்த்தான். ஏழு வருடம் கழித்து வாப்பா புத்தளத்தில் மௌத்தானார். அதுவரை அந்தக் காரைப் பற்றிப் பேச்சு வந்தால், பாவம் அருள், எங்களால் அடி வாங்கினான் என்றுதான் சொல்வார்.

ஜெஸீம் கதவைத் தூக்கிக்கொண்டு லெட்சுமணனிடம் போனான். இதை எங்கே களவெடுத்தாய் என்று கேட்டான். குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. வந்ததிலிருந்து நீங்கள் என்று பேசிக்கொண்டிருந்தவன் நீ என்று இறங்கிவிட்டான்.

லெட்சுமணன் வெட்டுகிற நெருப்பை அணைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"கேளுங்க தம்பி, சொல்றேன். கள்ளன்னு மட்டும் சொல்லாதீங்க. எழுபத்தேழுக் கலவரத்துல மலைநாட்டுலேருந்து அடிச்சு விரட்டினப்ப நாங்க விட்டுட்டு வந்த வீட்டுக் கதவும் இப்ப யார் வீட்டுலயோதான் மாட்டியிருக்கும். எனக்கு அது தெரியும்."

ஜெஸீமுக்கு முகத்தில் அடித்ததுபோல் இருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, அது தன் வாப்பாவின் கார் என்று சொன்னான். லெட்சுமணன் கதவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால், பெற்றோல் வரிசைக் காலத்தில், தாழ்வுபாட்டில் ஒரு வீட்டில் பழைய கொட்டிலைப் பிரித்தபோது எடுத்ததாம். கூடு, இரண்டு கதவு, ஒரு பொனற். எஞ்சின் இல்லை, அது பல வருடம் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துத் தேய்ந்து போய்விட்டது என்று வீட்டுக்காரரே சொன்னாராம். கூட்டை அப்போதே வெட்டி அனுப்பியாயிற்று. வீடு நன்றாக ஞாபகம் இருக்கிறதா என்று ஜெஸீம் கேட்டான். அந்த வீட்டு நாய் தன் கெண்டைக்காலைக் கடித்து, ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை ஊசிக்குப் போகவேண்டி வந்தது, மறக்க முடியுமா என்று லெட்சுமணன் காற்சட்டையை மடித்துத் தழும்பைக் காட்டினார். வாசலில் நீலக் கிணறு, சுவரில் லூர்து மாதா சுரூபம் என்று அடையாளமும் சொன்னார்.

அருட்பிரகாசத்தின் வீடுதான்.

கதவை ஏற்ற லெட்சுமணனும் ஒரு கை பிடித்தார். வேறெதுவும் அவர் கேட்கவில்லை.

தள்ளாடியைத் தாண்டித் தீவுக்குப் போகிற பாலத்தில் ஏறும்போது கல்யாணக் காரின் சொந்தக்காரர் போன் எடுத்தார். கதவு கிடைக்கவில்லை, புதுத் தகரம் வெட்டித்தான் செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டு ஜெஸீம் போனை அணைத்தான். பாலத்தின் இரண்டு பக்கமும் கடல் வெயிலில் தகரம்போல் மின்னியது. அவனுக்குத் திரும்பத் திரும்ப ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. தாராபுரத்துக்குத் திரும்பி வந்து குடியேறிய இந்தப் பன்னிரண்டு வருடமும், ஒவ்வொரு பெருநாளைக்கும் உம்மா செய்த வட்டிலப்பத்தை அவன்தான் தாழ்வுபாட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அங்கிருந்து கேக் வந்தது. அவனது மூத்த மகளின் கல்யாணத்தில் அருட்பிரகாசம் முன்வரிசையில் இருந்தார். சாப்பிட்டுவிட்டு, மஹ்றூப் இதைப் பார்க்க இல்லையே என்று கண்ணைத் துடைத்தார்.

அருட்பிரகாசம் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். எழுபத்தாறு வயது, நீரிழிவால் ஒரு காலில் இரண்டு விரல்கள் இல்லை. மனைவி போன பிறகு மகள் ஜெசிக்காதான் கூட இருந்து பார்க்கிறாள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், நாற்பதைத் தாண்டியவள். வா தம்பி, சாப்பிட்டியோ என்று கேட்டபடி அவர் எழும்பப் பார்த்தார். ஜெஸீம் பதில் சொல்லாமல் கதவைத் தூக்கிவந்து அவருக்கு முன்னால் சுவரில் சாத்தி வைத்தான்.

அவர் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு, பழைய கதவொன்று, எங்கே எடுத்தாய் என்றார்.

ஜெஸீம் சொன்னான். நறுவிலிக்குளம், கொட்டில், நாய்க்கடி எல்லாவற்றையும் சொன்னான். அருட்பிரகாசத்தின் முகம் மாறவில்லை. இயக்கம் காரைக் கொண்டுபோனது உண்மைதான் என்றார். ஆமி வந்த பிறகு, எருக்கலம்பிட்டிப் பக்கம் றோட்டோரத்தில் வெறுங்கூடாகக் கிடந்ததாம். மஹ்றூப்பின் ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று மாட்டு வண்டியில் கட்டி இழுத்து வந்தாராம். அப்படியொரு கூடு கிடக்கிறது என்று சொன்னால் மஹ்றூப் மனம் உடைந்துபோவான் என்றுதான் சொல்லவில்லையாம். அப்படிச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது.

ஜெஸீம் அதை நம்பப் பார்த்தான். நம்பிவிட்டால் எவ்வளவு நல்லது என்றும் நினைத்தான். எஞ்சின் தண்ணீர் இறைத்த கதை மட்டும் இடித்தது. அதற்குள் ஜெசிக்கா, வெயிலுக்குள் வந்திருக்கிறீர்கள், உள்ளே வந்து ஏதாவது குடியுங்கள் என்று கூப்பிட்டாள். அவன் ஹோலுக்குள் போனான். தோடம்பழக் கரைசலை அவள் கையிலிருந்து வாங்கும்போது, அலுமாரிக்கு மேலே வரிசையாக மாட்டியிருந்த படங்களில் ஒன்று கண்ணில் பட்டது.

வெள்ளைச் சட்டையும் வெள்ளை முக்காடும் போட்டு, கையில் மெழுகுதிரியோடு ஒரு சின்னப் பிள்ளை. ஜெசிக்கா கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாள். பின்னால் ஒஸ்டின் கார், பூமாலை போட்டு, துடைத்துப் பளபளவென்று. ஈ.எல். 6083 என்ற இலக்கத் தகடு தெளிவாகத் தெரிந்தது. மூலையில் ஸ்டூடியோக்காரர் எழுதிய திகதி: 1991, மே.

அவன் கிளாசை மேசையில் வைத்தான். கேட்காமலே படத்தைக் கழற்றிக்கொண்டு விறாந்தைக்குப் போனான். ஜெசிக்கா என்ன நடக்கிறதென்று தெரியாமல் பின்னால் வந்தாள். அவன் படத்தை அருட்பிரகாசத்தின் மடியில் வைத்தான்.

"மூண்டாம் நாளே கொண்டுபோச்சினம் எண்டீங்களே, அருள் மாமா. ஏழு மாசத்துக்குப் பிறகு இதென்ன?"

அருட்பிரகாசம் படத்தைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தாமல் பேசினார். அவரும் கோபப்பட்டுவிட்டார்.

"என்னை என்ன செய்யச் சொல்லுறாய்? பூட்டி வைச்சுப் பாத்துக்கொண்டே இருக்கச் சொல்லுறியோ? ஊரில ஒரு வாகனமில்லை, மருந்துமில்லை. நீங்கள் போட்டியள். நாங்கள்தான் இஞ்ச கிடந்து செத்தம். போனவை திரும்பி வருவினம் எண்டு ஆர் நினைச்சது?"

"நாங்கள் போகேல்ல. எங்களைப் போகச் சொன்னது."

"நான் சொல்லேல்லத்தானே, தம்பி."

"நீங்கள் சொல்லேல்ல. கார் ஓடினதைக் கேக்கவும் நான் வரேல்ல. சனத்தை ஏத்தினீங்களோ, தண்ணி இறைச்சீங்களோ, எனக்குக் காரியமில்லை. வாப்பா உங்கட கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டார். அதை ஏன் வாங்கினீங்கள்?"

ஜெஸீமின் வாயில் நீ என்ற சொல் வந்து நின்றது. அதோடு வேறு சொற்களும் வந்தன. கதிரையோடு சேர்த்து அந்த மனுசரைத் தூக்கி எறிந்துவிடுவேனோ என்று அவனுக்கே பயமாக இருந்தது. கதவைத் தூக்கிக்கொண்டு வெளியேறினான். படம் அவரது மடியிலேயே கிடந்தது.

உம்மா அபிசாவுக்கு எழுபது வயது. அசர் தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவர், மகன் முற்றத்தில் இறக்கிய கதவைக் கண்டு வெளியே வந்தார். பித்தளைத் திருகை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். அவன் கொதித்துக் கொதித்துச் சொன்னதையெல்லாம் இடைமறிக்காமல் கேட்டார். படத்தைப் பற்றிச் சொன்னபோது மட்டும், அது இப்போது ஹோலிலா மாட்டியிருக்கிறது என்று கேட்டார்.

முந்தி எங்கே இருந்தது என்று ஜெஸீம் கேட்டான்.

"ரெண்டாயிரத்து ரெண்டில அது உள்ளறையில இருந்திச்சு, மகன். நான் முகம் கழுவப் போனப்ப கண்டனான். திரும்பி விறாந்தைக்கு வரேக்க உன்ட வாப்பா அவர்ட கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்."

அவன் நம்பாமல் பார்த்தான். பிறகு அவனுடைய கோபம் முழுவதும் உம்மாவின் பக்கம் திரும்பியது. இருபத்திரண்டு வருடம் தெரிந்திருந்தும் எப்படி வாய் மூடி இருந்தீர்கள், என் கையாலேயே வட்டிலப்பம் கொடுத்தனுப்பினீர்களே, எப்படி அவரைப் பொறுத்தீர்கள் என்று கத்தினான். உம்மாவிடம் அவன் அதுவரை அப்படிக் கத்தியதில்லை.

உம்மா முற்றத்துப் படியில் உட்கார்ந்தார். எங்கள் பழைய வீட்டுக்கு ஓடில்லை, கிணற்றில் தண்ணீரில்லை, கூடப் படித்தவர்களே காணாததுபோல் போனார்கள், அன்றைக்கு முழுத் தீவிலும் உன் வாப்பாவை வா என்று கூப்பிட்டது அந்த ஒரு வீடுதான் என்றார். அதையும் பிடுங்கிவிட்டால் அந்த மனுசன் புத்தளத்துக்குத் திரும்பிப் போவதற்குள் செத்துவிடுவார் என்று நினைத்தாராம். அவர் மௌத்தான பிறகு சொல்லலாம் என்று நினைத்தால், நீயும் வாப்பாவைப் போலவே அருள் மாமா அருள் மாமா என்று அவர் வீட்டுக்கு ஓடினாய் என்றார்.

"ஆனா நான் பொறுக்கேல்ல, மகன். பேசாமல் இருந்தனான். ரெண்டும் ஒண்டில்ல."

அவர் எழும்பினார். நாளைக்குக் காலையில் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போ என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த நேரம் பார்த்து அவர்கள் போனார்கள். ஜெசிக்கா கேற்றைத் திறந்தாள். இரவு தூங்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. இரு தங்கச்சி என்று அருட்பிரகாசம் கதிரையைக் காட்டினார். உம்மா உட்காரவில்லை. சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு விறாந்தைப் படிக்குக் கீழேயே நின்றார். அதனால் உம்மா நிமிர்ந்து பார்த்துத்தான் பேசவேண்டியிருந்தது. ஆனாலும் ஜெஸீமுக்கு, கீழே இருப்பவர் அருட்பிரகாசம் என்றே தோன்றியது.

"அருளண்ணன், நீங்கள் அனுப்பின கேக்கில ஒரு துண்டும் இந்தப் பன்னிரண்டு வருசத்தில நான் வாயில வைக்கேல்ல. ஏனெண்டு உங்களுக்குச் சொல்லவேணும். ரெண்டாயிரத்து ரெண்டிலயே நான் அந்தப் படத்தைக் கண்டனான்."

நேற்று ஜெஸீமோடு மல்லுக்கட்டிய மனுசர் கதிரைக்குள் சுருங்கிப்போனார். தங்கச்சி, அந்த நேரத்து நிலைமை, என்று தொடங்கினார். உம்மா கையை உயர்த்தி மறித்தார்.

"நிலைமை எனக்கும் தெரியும். நான் கார் கேட்டு வரேல்ல. அவர் உங்களிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டவர். அது உங்கட இல்ல. அதைத் திருப்பித் தாங்கோ."

அருட்பிரகாசம் மகளைப் பார்த்தார். அவள் ஏதாவது சொல்லித் தன்னைக் காப்பாற்றுவாள் என்று எதிர்பார்த்திருக்கலாம். ஜெசிக்கா கதவு நிலையில் சாய்ந்து நின்றபடி, "சொல்லுங்கோ அப்பா," என்றாள்.

அவர் சொன்னார். இயக்கம் எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன் என்றார். யாரும் என்னை அடிக்கவில்லை என்றார். மஹ்றூப்பிடம் பொய் சொன்னேன், மன்னிப்புக் கேட்கவேண்டியவன் நான்தான் என்றார். ஒவ்வொரு வசனத்துக்கும் இடையில் மூச்சு வாங்கியது. கடைசிச் சொல் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

"கேக்கேல்ல," என்றார் உம்மா. "இன்னொருக்காச் சொல்லுங்கோ."

அவர் இன்னொரு தடவை, முதலிலிருந்து, எல்லாவற்றையும் சொன்னார். இந்தத் தடவை அழுதார். உம்மா அழுகையைப் பார்த்துக்கொண்டு நின்றாரே தவிர, சரி என்றோ பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. முடிந்ததும் திரும்பி நடந்தார்.

ஜெசிக்கா கேற்றுவரைக்கும் பின்னால் ஓடிவந்தாள். அந்தக் காரில் கோயிலுக்குப் போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது, எங்கள் கார் என்றுதான் நினைத்திருந்தேன், மாமி, சத்தியமாக எனக்குத் தெரியாது என்றாள். உம்மா அவளை ஒரு நிமிடம் பார்த்தார். ஜெஸீம் அவர் அவளுடைய கன்னத்தைத் தடவுவார் என்று எதிர்பார்த்தான். அப்படி ஒன்றும் செய்யவில்லை.

"நீ அப்ப சின்னப் பிள்ளை. தெரியாதுதான்," என்றார். "இப்ப தெரியும்தானே."

லொறி தாழ்வுபாட்டு றோட்டில் ஏறி ரவுண் பக்கம் திரும்பியது. உம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியபடி வந்தார். ஜெஸீம் தன் நெஞ்சுக்குள் பார்த்தான். கோபம் நேற்று இருந்த அளவிலேயே, இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த மனுசர் அழுதது அதைக் கொஞ்சமும் கரைக்கவில்லை. தான் மட்டும்தான் இப்படியோ என்று அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

"உங்களுக்கு மனம் ஆறிச்சா, உம்மா?"

"இல்ல. ஆறவேணும் எண்டு நான் போகேல்ல, மகன்."

பள்ளிமுனைச் சந்திக்குக் கிட்ட ஐந்தாறு கழுதைகள் தார் றோட்டை மறித்துக்கொண்டு நின்றன. ஜெஸீம் பிரேக் போட்டு ஹோர்னை அழுத்தினான். அவை காதைக்கூட அசைக்கவில்லை. அவன் கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தான். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சைக்கிளில் போன ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார். மற்ற நாளென்றால், என்ன மகன், வாயில்லாச் சீவனோடு உனக்கென்ன கோபம் என்று உம்மா கையைத் தட்டிவிட்டிருப்பார்.

இன்றைக்கு அவர் அவனைத் தடுக்கவில்லை.